வாடைக்கு ஒரு வேலை, கச்சானுக்கு ஒரு வேலை

திருகோணமலையில் ஓவியத்தை நம்பிச் சீவிக்கிற எவரும் ஒரே ஊடகத்தோடு காலம் தள்ளுவதில்லை. ஒரு மாதம் பாடசாலை மதில், அடுத்த மாதம் கோயில் திருப்பணி, இடையில் கடைப் பெயர்ப்பலகை, விளையாட்டுப் போட்டி வந்தால் ரீசேட் அச்சு, சனி ஞாயிறில் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பு என்று தொழில் கிளை கிளையாகத்தான் போகும். "அவர் எல்லாம் செய்வார்" என்று ஊர் சொல்வதில் பாதி மெச்சல், பாதி நக்கல். நக்கலை விட்டுவிடலாம். யாழ்ப்பாணத்து மாற்குவும் ஆசை இராசையாவும் வகுப்பறையில் நின்றுகொண்டேதான் ஓவியர்களாக இருந்தார்கள்.

கவனிக்க வேண்டியது, ஊடகத்தை எப்போது மாற்றுவது என்பதைத்தான். அதை இந்த ஊரில் வாடிக்கையாளரைவிடக் காற்றுத்தான் தீர்மானிக்க வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை: மழை, ஈரம், கொடியில் மூன்று நாள் தொங்கும் துணி. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான். வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை. மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு மேற்கிலிருந்து வறண்டு சூடாக வந்து அடிக்கிற காற்று. வாடையில் எதுவும் காயாது, கச்சானில் எல்லாம் வேண்டியதைவிட வேகமாகக் காயும். சுவரோ சிலையோ அச்சோ, கெட்டுப்போகிற வேலைகளில் பெரும்பாலானவை வரையும்போது கெடுவதில்லை, காயும்போதுதான் கெடுகின்றன. கை பழகியவருக்கும் இது நடக்கும்.

முதலில் சுவர். காசும் அதில்தான், மானம் போவதும் அதில்தான். தாளில் வரைந்தது கெட்டால் சுருட்டி வைத்துவிடலாம். பாடசாலை மதிலில் உரிந்த ஓவியத்தை ஊரே பார்த்துக்கொண்டு போகும்.

புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவரில் 28 நாளுக்கு முன் தூரிகை வைக்கக்கூடாது. புதுப் பூச்சின் காரம் பி.எச். 12, 13 வரை இருக்கும். எமல்ஷன் பெயின்ற்றின் பசையையும் சில நிறங்களையும் அது அரித்துவிடும். வாடைக் காலத்தில் பூசிய சுவரென்றால் 28 நாள் போதாது, ஆறேழு கிழமை விடுங்கள். நாள் கணக்கை மட்டும் நம்பாமல் ஒரு சோதனை செய்யலாம். 18 அங்குலச் சதுரப் பொலித்தீன் ஒன்றைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி, மாலையிலிருந்து மறுநாள் காலை வரை 16 மணித்தியாலம் விட வேண்டும். உரிக்கும்போது உட்பக்கத்தில் துளி கட்டியிருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. திறப்பு விழாத் திகதி குறித்தாகிவிட்டது என்று அதிபர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அந்தத் துளியை அவருக்குக் காட்டிவிட்டுத் தள்ளிப்போடுவதே நல்லது.

இங்குள்ள சுவர்களில் இரண்டு வகை உப்பு உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். சுவருக்குள்ளிருந்து வெள்ளையாகப் பூத்து வருவது ஒன்று. அதை உலர்ந்த கம்பித் தூரிகையால் தேய்த்துக் கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறுபடி உள்ளே போய், பெயின்ற் அடித்த பிறகு வெளியே வரும். கடற்காற்றில் வந்து மேலே படிவது மற்றது. டச் பே பக்கம் கடலைப் பார்த்த சுவர்களில் நக்கிப் பார்த்தாலே தெரியும். அதை நல்ல தண்ணீரால் கழுவியே ஆகவேண்டும். கழுவாமல் அடித்தால் படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அடுத்த வாடையில் பெயின்ற் தகடு தகடாகக் கழன்று விழும். கழுவியபின் இரண்டு வெயில் நாள் காயவிடுங்கள். கழுவுவதற்குக் கந்தளாய்க் குழாய்த் தண்ணீர் நல்லது. முற்றத்துக் கிணறு உவராக இருந்தால் கழுவியும் பயனில்லை, உப்பால் உப்பைக் கழுவிய கதைதான்.

அளவுக்கு ஓர் உதாரணம். 20 அடி நீளம், 8 அடி உயரமுள்ள சுவர் 160 சதுர அடி. நல்ல பூச்சுள்ள சுவரில் ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு தடவைப் பூச்சுக்கு, ஏறத்தாழ 100 சதுர அடி போகும். சொரசொரப்பாக இருந்தால் 70 அடிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆகக் காரம் தாங்கும் பிரைமர் ஒரு கோட்டுக்கு 2 லீற்றர், அடிநிறம் இரண்டு கோட்டுக்கு 4 லீற்றர், உருவங்களுக்கு நான்கைந்து நிறம் ஒவ்வொரு லீற்றர். வெளிச்சுவர் எமல்ஷனே வாங்குங்கள். உட்சுவர் எமல்ஷன் மலிவுதான். ஒரே வெயிலில் தூளாகிக் கையில் ஒட்டும். முதற்கோட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்க்கலாம், பிறகு பத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் கூடினால் பசை மெலிந்து நிறத்தூளைப் பிடித்துவைக்க முடியாமல் போகும். எண்ணெய்ப் பெயின்ற்றான எனாமலைச் சுவருக்குப் போடுவது இன்னும் பெரிய பிழை: ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளிக்கும்.

மாதிரிப் படத்தை ஏ3 தாளில் முக்கால் அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில் வரைந்தால் அந்தச் சுவர் 15 அங்குலத்துக்கு 6 அங்குலமாகத் தாளுக்குள் அடங்கும். சுவரில் ஓரடிக் கட்டங்களுக்கு நூல் அடிக்கும்போது வெள்ளைச் சோக்குத் தூளோ மஞ்சட்காவியோ பயன்படுத்துங்கள். சிவப்புத் தூள் வெளிர்நிறத்துக்கு மேலே கசிந்து தெரியும். முகங்களைக் கட்டத்தை மட்டும் நம்பி வரையாமல், ஒவ்வொரு முகம் முடிந்ததும் இருபது அடி தள்ளிப்போய்ப் பாருங்கள். சாரத்தில் நிற்கும்போது சரியாகத் தெரிந்த மூக்கு வீதியிலிருந்து பார்த்தால் மேலே இழுபட்டிருக்கும்.

நிறத்தில் ஆசைப்படக்கூடாது. இரும்பு ஒட்சைட்டுச் சிவப்பு, மஞ்சட்காவி, கறுப்பு, தலோ நீலம், தலோ பச்சை ஆகியவை வெயிலைத் தாங்கும். பளபளவென்ற சிவப்பு, ரோஸ், ஒளிரும் செம்மஞ்சள் எல்லாம் முதலில் வெளுக்கும். அம்மனுக்குச் சிவப்புச் சேலைதான் வேண்டும் என்று கேட்டால், அடியில் ஒட்சைட்டுச் சிவப்பைத் தடிப்பாக அடித்து அதற்குமேல் பளிச்சென்ற சிவப்பை ஏற்றுங்கள்; மேலது வெளுத்தாலும் சேலை சிவப்பாகவே நிற்கும். வெள்ளைக்கு எப்போதும் ரைற்றேனியம் வெள்ளைதான். அந்த நிறத்தின் மூலப்பொருளான இல்மனைற்றும் ரூட்டைலும் நம்முடைய புல்மோட்டைக் கடற்கரைக் கறுப்பு மணலில் கிடக்கின்றன. மணலாக அள்ளி ஏற்றுமதி செய்துவிட்டு, நிறமாக்கி ரின்னில் அடைத்து வருவதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வேலை நேரமும் சுவர் பார்க்கும் திசையைப் பொறுத்தது. கடலைப் பார்த்த கிழக்குச் சுவருக்கு மதியத்துக்குப் பிறகு நிழல் வரும். மேற்குச் சுவரைக் காலை ஆறு மணி முதல் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்ட சுவரில் தூரிகை இழுபடாது, ஒரு வீச்சும் அடுத்த வீச்சும் சேருமிடம் வரிவரியாகத் தெரியும். கச்சான் உச்சத்தில் ஆனி, ஆடி மாதங்களில் பிற்பகலில் மணலும் அடித்து ஈரப் பெயின்ற்றில் ஒட்டும். எனவே வெளிச்சுவருக்கு நல்ல காலம் மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை. அதற்கடுத்தது ஆவணி, புரட்டாதி.

சீமெந்துச் சிலைக்கு வருவோம். கோபுரச் சுதை வேலை ஆசாரிமாரின் தனிக்கலை, அதற்கு மரபும் பயிற்சியும் வேறு. ஆனால் பாடசாலை முற்றத்துச் சரசுவதி, வள்ளுவர், விவேகானந்தர் போன்றவை இந்த ஊரில் பெரும்பாலும் ஓவியர் கைக்குத்தான் வரும். மூன்றடிச் சிலைக்கு 10 மில்லிமீற்றர்க் கம்பியில் முதுகெலும்பும் 6 மில்லிமீற்றரில் கைகால்களும் வளைத்து, அதன்மேல் நாகம் பூசிய கோழிக்கூட்டு வலையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கலவை ஒன்றுக்கு மூன்று: 50 கிலோ சீமெந்து மூடை ஒன்று ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி, அதற்கு மூன்றேமுக்கால் கன அடி மணல். இந்த அளவுச் சிலைக்கு ஒரே தடவையில் மூடையைக் கொட்டாமல், அரை வாளி அரை வாளியாகக் குழையுங்கள். குழைத்து முக்கால் மணித்தியாலத்தில் இறுகத் தொடங்கும். இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் பூசலாம், பலம் இராது. ஒரு தடவைக்கு 12 முதல் 15 மில்லிமீற்றர்த் தடிப்புக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பூச்சையும் ஈரத்தோடேயே கீறிவிட்டால்தான் அடுத்தது பிடிக்கும்.

இந்த வேலைக்கு வாடை நல்லது, கச்சான் எதிரி. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. கச்சான் காற்று மேற்பரப்பு ஈரத்தை ஒரு மணித்தியாலத்தில் உறிஞ்சினால் சிலை முகத்தில் தலைமயிர் போல வெடிப்பு ஓடும். வேறு வழியில்லாமல் அந்தக் காலத்தில் செய்தால் ஓலைத் தட்டி மறைத்து, நனைத்த சாக்குச் சுற்றி, ஏழு நாளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். நிறம் தீட்ட 28 நாள் பொறுக்க வேண்டும், சுவரைப் போலவே.

ஆனால் இந்த ஊர்ச் சிலைகள் வெடிப்பதற்குப் பெரிய காரணம் கம்பி. கடல் மணலைச் சேர்த்தால் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் எடுக்கும். உள்ளிருந்து தள்ளித் தள்ளி விரலையும் மூக்கையும் பிளந்துவிடும். மகாவலி மணல் என்று ரக்டரில் வந்தாலும் கொட்டியாரக் குடாப் பக்கம் கழிமுகத்துக்குக் கிட்ட அள்ளியதென்றால் சந்தேகப்படுங்கள். இரண்டு கைப்பிடி மணலை ஒரு கோப்பை நல்ல தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, அந்தத் தண்ணீரைக் கறுப்புத் தட்டில் வெயிலில் வற்றவையுங்கள். வெள்ளைப் படிவு வந்தால் மணலைக் கழுவாமல் தொடக்கூடாது. கம்பிக்கு மேலே 25 மில்லிமீற்றர், கடலோரத்தில் 40 மில்லிமீற்றர் சீமெந்து இருக்க வேண்டும். விரல் நுனியில் அவ்வளவு தடிப்புக் கொடுக்க முடியாதே என்றால் விரலுக்கு இரும்பே வைக்காதீர்கள், செப்புக் கம்பி வையுங்கள். 1950இல் இங்கே கிணறு வெட்டும்போது வெளிவந்த கோணேசர் கோயில் வெண்கலத் திருமேனிகள் 300 ஆண்டுக்கு மேல் இந்த உப்பு மண்ணுக்குள் கிடந்தவை. இரும்பாக இருந்திருந்தால் சிவந்த மண்தான் மிஞ்சியிருக்கும்.

கையெழுத்துப் பெயர்ப்பலகையை பிளெக்ஸ் விழுங்கிவிட்டது, அதைப் பேசிப் பயனில்லை. விழுங்க முடியாமல் மிச்சமிருப்பது படகு. திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ கரையில் நிற்கும் பைபர் படகுகளின் பெயர்கள் இன்னும் தூரிகையில்தான் எழுதப்படுகின்றன. புதுப் படகில் எழுதியது ஒரு பருவத்தில் உரிந்தால் பெயின்ற்றைக் குறை சொல்வார்கள். அச்சிலிருந்து படகு கழன்று வருவதற்காகப் பூசிய மெழுகு மேலே இருந்திருக்கும், அதுதான் காரணம். முதலில் தின்னர் நனைத்த துணியால் மெழுகைத் துடைத்தெடுத்து, பிறகு 220 ஆம் இலக்க உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு எனாமலால் எழுத வேண்டும். ஒழுங்கு மாறி முதலில் தேய்த்தால் மெழுகைக் கீறலுக்குள்ளே அழுத்திவிடுவீர்கள். வாடையில் எனாமல் அடித்தால் காயும்முன் பனி விழுந்து பளபளப்பு மங்கிப் பால் படிந்ததுபோல ஆகும். அந்தக் காலத்தில் எழுதத்தான் வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கு மேல், வெயில் ஏறியபின்.

தமிழ் எழுத்தை வரையும்போது இடக் கணக்கை ஆங்கிலப் புத்தகத்தில் படித்து வந்தவர்கள் சறுக்குவார்கள். எழுத்தின் உடல் 6 அங்குலம் என்றால் கி, கீ போன்றவற்றின் மேல்வளைவுக்கென்று மேலே 2 அங்குலம், கு, ழு, ஞ போன்றவற்றின் இறக்கத்துக்குக் கீழே 2 அங்குலம், மொத்தம் 10 அங்குல வரி வேண்டும். "திருகோணமலை" கணக்குக்கு ஆறு எழுத்து. பலகையில் எண்ணிப் பாருங்கள்: கோ மூன்று உருவம், லை இரண்டு உருவம், ஆக ஒன்பது, அதிலும் ண ஒன்று இரண்டு எழுத்தின் அகலத்தைப் பிடிக்கும். மும்மொழிப் பலகையில் மூன்று வரிக்கும் ஒரே உயரம் கொடுத்துவிட்டு, தமிழ் அடங்கவில்லையென்று பக்கவாட்டில் நெருக்கிய எழுத்துகளை ஊரெங்கும் பார்க்கலாம். அகலமான எழுத்தை நெருக்கினால் ணகரம் னகரமாகிவிடும். உடல் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் காப்பாற்றுங்கள்.

ரீசேட் அச்சில் ஸ்கிரீன், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய அச்சு வலை, தயாரிப்பதற்குக் கச்சான் காலம் சுகம். துணிக்கு 43 டி வலை (சென்ரிமீற்றருக்கு 43 இழை), தாளுக்கு 77 டி. வெளிச்சம் பட்டால் இறுகும் டயசோ எமல்ஷனை இரண்டு பக்கமும் மெல்லிதாக இழுத்து, மஞ்சள் விளக்கு அறையில் மின்விசிறியின் கீழே கிடையாகக் காயவையுங்கள். மழைநாளில் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே காய்ந்திராது. வெளிச்சம் காட்டிக் கழுவும்போது உருவத்தோடு சேர்ந்து பின்னணியும் வழிந்துபோகும். வெளிச்சம் போதாவிட்டாலும் இதே குறைதான் வரும் என்பதால், பலர் நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து ஏமாறுவார்கள். முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். வெளிச்ச நேரத்துக்கு ஒரே ஸ்கிரீனில் கறுப்பு அட்டையை 30 செக்கனுக்கு ஒருமுறை நகர்த்தி ஐந்து பட்டை சோதித்துப் பார்த்தால் போதும். நடுப்பகல் வெயிலில் செய்பவர் ஒவ்வொரு நாளும் சோதிக்க வேண்டும். மரப் பிறேம் வாடையில் முறுகும், அலுமினியம் வாங்கிவிடுங்கள். அச்சடிக்கும்போது வலைக்கும் துணிக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் இடைவெளி. கச்சானில் நேர்மாறான தொல்லை: தண்ணீர் மை வலைக்கண்ணிலேயே காய்ந்து அடைக்கும். ஒவ்வொரு அச்சுக்குப் பிறகும் மையைப் பரவலாக வலைமேல் இழுத்துவிட்டு வையுங்கள், சாப்பாட்டுக்குப் போகுமுன் கழுவிவிடுங்கள்.

பருத்தியில் அடித்த தண்ணீர் மையை 150 பாகையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் அயன் பண்ணினால் நிற்கும். விளையாட்டுக் கழகங்கள் கொண்டுவரும் சிவப்புப் பொலியெஸ்டர் ஜேர்சியில் அதே சூடு வைத்தால் துணியின் சாயம் ஆவியாகி மைக்குள் ஏறி, வெள்ளை இலக்கம் நாளைக்கு ரோஸ் நிறமாகிவிடும். குறைந்த சூட்டில் பிடிக்கும் மை கேட்டு வாங்குங்கள், அல்லது அந்த வேலையை எடுக்காதீர்கள்.

டிஜிற்றல் வேலை பருவம் பார்க்காது. மழைக்கு அது துணை. ஏ3 படம் அச்சுக்கு 300 டி.பி.ஐ. என்றால் 3508க்கு 4961 புள்ளி. பத்தடிக்கு நாலடி பிளெக்ஸுக்கு 72 டி.பி.ஐ.யே போதும், 8640க்கு 3456. திரையில் தெரியும் கடல் நீலம் அச்சகத்தின் நான்கு நிற சி.எம்.வை.கே. மையில் வராது, வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே அச்சு மாதிரி காட்டிவிடுங்கள். அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், உங்கள் கோப்பு யூனிகோட்டில் இருக்கும். எழுத்தையெல்லாம் கோட்டுருவமாக மாற்றிக் கொடுக்காவிட்டால் கொ, கோ எல்லாம் கொம்பு வேறு கால் வேறாகப் பலகையில் ஏறிவிடும்.

தனக்கென்று வரைவதற்கு நீர்வர்ணத்தை வைத்துக்கொள்கிறவர்கள் இங்கே அதிகம். அதற்கு இந்த ஊரின் அமைப்பே காரணம். நகரம் ஓர் ஒடுங்கிய நிலத்துண்டில் இருக்கிறது. காலையில் டச் பேயில் கடலின் பின்னாலிருந்து ஒளி வரும், மாலையில் நடந்து மறுபக்கம் போனால் உட்துறைமுகத்து நீரின்மேல் ஒளி விழும். ஒரே நாளில் இரண்டு எதிரொளி. தாள் 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாளாக இருந்தால் ஐந்து நிமிடம் நனைத்துப் பலகையில் பசை ரேப்பால் ஒட்டுங்கள். வாடைக் காலத்தில் அலுமாரியில் வைத்த தாளில் பூஞ்சணம் மேற்பூச்சைத் தின்றுவிடும். பார்க்கத் தெரியாது, நிறம் வைத்ததும் அங்கங்கே மையொற்றுத்தாள்போல உறிஞ்சிக் கறை கறையாகும். காற்றுப் புகாத பெட்டியில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், இராமபாணப் பூச்சியும் அண்டாது. உவர்நீரை நிறம் கரைக்கப் பயன்படுத்தினால் கழுவல் பூப்பூவாகப் பிரியும். அலிசரின் சிவப்பு மங்கிவிடும், பி.வி. 19 என்ற நிறமி இலக்கம் ரியூப்பில் எழுதிய ரோஸ் நிற்கும். எந்த நிறத்தையும் ஒரு பட்டையாகத் தீட்டிப் பாதியை அட்டையால் மூடி மூன்று மாதம் யன்னலில் ஒட்டிவைத்தால் அதன் குணம் தெரிந்துவிடும். அக்ரிலிக் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். கச்சான் சூட்டில் இளகி ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது இரண்டும் போகும்.

இனிக் கற்பித்தல். பாடசாலையில் நிரந்தர ஆசிரியராக விரும்புகிறவர் மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ, மருதனார்மடத்திலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவுக்கோ, கொழும்புக் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்துக்கோ போய்வருவார். தனியார் வகுப்பு வைப்பவருக்குச் சான்றிதழ் கேட்பார் இல்லை, அதனாலேயே கூடுதல் ஆயத்தம் தேவை. வகுப்பில் 12 பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒன்றரை மணித்தியால வகுப்பில் உங்கள் செய்துகாட்டல் பத்து நிமிடம். மிச்சமுள்ள 80 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். முப்பது பிள்ளைகளைச் சேர்த்தால் அது வகுப்பில்லை, பிள்ளை பார்க்கும் வேலை.

பிள்ளையின் தாளில் ஆசிரியர் கோடு போடக்கூடாது. தனித்தாளில் வரைந்து காட்டுங்கள். அம்மாவுக்குக் காட்ட அழகாக இருக்கட்டும் என்று கடைசி ஐந்து நிமிடத்தில் திருத்திக் கொடுக்கும் பழக்கம் ஊரில் பரவலாக இருக்கிறது. பிள்ளை அதற்காகக் காத்திருக்கப் பழகிவிடும். ஒரு படத்துக்கு ஒரே திருத்தம் சொல்லுங்கள்.

தொடுவானம் கற்பிக்க இதைவிட நல்ல ஊர் கிடையாது. டச் பே மணலில் பிள்ளைகளை நிறுத்தி, ஒரு கோலைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடிக்கச் சொன்னால் தொடுவானம் அதில் பொருந்தும். கிட்ட நிற்பவரானாலும் தூரத்தில் நிற்பவரானாலும் ஒரே உயரமுள்ளவர் எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டில்தான் இருக்கும். கால்கள்தான் மேலேயும் கீழேயும் போகும். இதைப் பார்த்த பிள்ளை தேர்த்திருவிழாக் கூட்டத்தை இனிமேல் வரிசை வரிசையாக ஏணிப்படிபோல அடுக்காது. இருந்து பார்க்கச் சொல்லுங்கள்: கோடு கூடவே இறங்கும். பிறகு கோட்டை வழியாகக் கோணேசர் மலைக்கு ஏற்றி அதே கோலைப் பிடிக்கச் செய்யுங்கள். தொடுவானமும் கூடவே ஏறி வந்திருக்கும். கண் ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கும்போது அது நாலரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம், 100 மீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 36 கிலோமீற்றர்.

போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். அசையும் உயிரை வரையப் பழக்க அவைதான் ஆசிரியர்: முதலில் 30 செக்கனுக்கு ஒன்றாகப் பத்துப் படம், முதுகுக் கோடும் கழுத்தும் மட்டும், பிறகு இரண்டு நிமிடத்தில் ஐந்து, கடைசியில் படுத்திருக்கும் மான் ஒன்றைப் பத்து நிமிடம். புள்ளியிலிருந்து தொடங்குகிற பிள்ளையிடம் அழிறப்பரை வாங்கி வைத்துவிடுங்கள்.

"சேர், கடல் நீலம்தானே?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டாம். சாம்பல் அட்டையில் ஒரு சென்ரிமீற்றர்த் துளை போட்டுக் கொடுத்து, கரையிலிருந்து தொடுவானம் வரை ஆறு இடத்தை அதன் வழியே பார்த்து ஆறு நிறம் குழைக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டில் மணல் நிறமே கூடுதலாக இருக்கும். குழைக்கும்போது சேறாவது ஏன் என்பதும் அன்றைக்கே விளங்கும்: தூரிகை கழுவ ஒரு தண்ணீர், நிறம் கரைக்க ஒரு தண்ணீர் என்று இரண்டு கோப்பை இல்லாவிட்டால் மூன்று மூலநிறமும் எல்லாக் கலவைக்குள்ளும் புகுந்துவிடும்.

பரீட்சை வகுப்பில் பெரிய தொல்லை மனனப் படம். பொங்கல், சந்தை, தேர் என்று மூன்றைப் பாடமாக்கிக்கொண்டு போவார்கள். ஒரே கருப்பொருளை மூன்று முறை வரையப் பணியுங்கள்: மொட்டைமாடியிலிருந்து, நிலத்தில் இருக்கும் குழந்தையின் கண்ணிலிருந்து, பொங்கும் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து. தொடுவானப் பாடம் கற்றவர்களுக்கு இது முடியும். வகுப்பறைக்குள் தின்னரும் ஸ்கிரீன் இரசாயனங்களும் வரக்கூடாது. ஸ்கிரீன் அச்சை வெட்டிய தாளை வலையில் ஒட்டிச் செய்து காட்டலாம்.

கூலி பேசுவதைப் பற்றி ஒன்றிரண்டு சொல். ஊரில் நல்ல மேசன் ஒருவரின் நாட்கூலிக்குக் கீழே ஓவியர் இறங்கக்கூடாது. சுவர் தயார்ப்படுத்தும் நாட்களையும் மாதிரி வரையும் நாட்களையும் கணக்கில் சேருங்கள். 20 அடிச் சுவருக்கு ஓவியம் ஆறு நாள் என்றால் ஆயத்தம் மூன்று நாள். பாதிப் பணம் முன்கூட்டி. மழையால் நிற்கும் நாளுக்கு யார் பொறுப்பு என்பதைத் தொடங்குமுன் எழுதிக்கொள்ளுங்கள்.

தை பிறந்து வெயில் வந்ததும், சென்ற ஆண்டு செய்த சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்து வாருங்கள். மூலையில் பிளேடால் சிறு பெருக்கல் குறி ஒன்று கீறி, அதன்மேல் ரேப்பை அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுங்கள். ரேப்பில் நிறம் மட்டும் வந்தால் கடைசிக் கோட்டில் தண்ணீர் கூடியிருக்கிறது. பிரைமரோடு வந்தால் உப்போ ஈரமோ உள்ளே இருந்திருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் கீறிய இடத்தை அதே நிறத்தால் தொட்டுவிட்டு அடுத்த சுவருக்குப் போகலாம்.